மனசாட்சி இருந்தா போதாதா, சட்டம் எதுக்கு?

எங்க தாத்தா காலத்துல படின்னு சொன்னா எல்லா ஊர்லயும் ஒரே படி கிடையாது. பட்டணம் படின்னு ஒண்ணு, சின்னப் படின்னு ஒண்ணு, சந்தைக்கு சந்தை மாறும், சில வியாபாரிங்க வாங்கறதுக்கு ஒரு படியும் விக்கறதுக்கு இன்னொரு படியும் வச்சிருப்பாங்கனு தாத்தா சொல்வார். எடையும் அப்படித்தான். பலம், சேர், வீசை, மணங்குனு பேரு என்னவோ எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், ஆனா அளவு அந்தந்த ஊர் வழக்கம். காட்டுல விளைஞ்ச கடலைய மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு சந்தைக்கு போனா அங்க இருக்கற தராசுதான், அங்க இருக்கற கல்லுதான், அவன் சொல்றதுதான் எடை. சண்டை போடலாம், இல்லன்னா வண்டிய திருப்பி ஓட்டிக்கிட்டு வரலாம், அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. 1956-ல எடை அளவு சட்டம் வந்து, 1958 அக்டோபர்ல இருந்து கிலோ கணக்கு படிப்படியா நடைமுறைக்கு வந்த பிறகுதான் சேலத்துல ஒரு கிலோன்னா டில்லியிலயும் அதே ஒரு கிலோன்னு ஆச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, போன மாசம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான், காலேஜ் படிக்கறான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டான், "மாமா, எல்லாரும் மனசாட்சியோட இருந்தா சட்டம், போலீசு, கோர்ட்டு எதுவுமே வேணாம்ல? கெட்டவனுக்காகத்தான இதெல்லாம்?" கேள்வி நல்ல கேள்வி. நெறைய பேரு மனசுல இருக்கற கேள்வியும் கூட. சோத்துக்கு நடுவுல பேசி முடிக்கற விஷயம் இல்லங்கறதால இங்க எழுதறேன், அவனும் படிப்பான்.

என்னைக் கேட்டா சட்டத்தால அதிகம் ஆதாயம் அடையறவன் நல்லவன்தான். நல்லவனா இருக்கறவன் அந்த ஒரே காரணத்துக்காக நஷ்டப்பட்டுடக் கூடாது, அதுக்குத்தான் முக்கியமா சட்டம் வேணும். கெட்டவனைப் புடிச்சு உள்ள போடறது அதுக்கு அடுத்த வேலை.

எப்படின்னு என் தொழில்ல இருந்தே ஆரம்பிக்கறேன். நான் சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் எடைமேடை வச்சிருக்கேன். குச்சிக்கிழங்கு (அதான் மரவள்ளி) லோடு, மக்காச்சோளம், செங்கல், கல்லு ஜல்லி எல்லாம் வரும். கிழங்கு சீசன்ல ராத்திரி முழுக்க வண்டி வரும். ஒரு லோடு ஏறி நிக்குது, கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் வருது, சீட்டு அடிச்சு குடுக்கறேன், காலி வண்டியா திரும்பி வந்து நிக்கும்போது இன்னொரு நம்பர், ரெண்டையும் கழிச்சா கிழங்கோட எடை. அந்த நம்பரை நம்பித்தான் காட்டுக்காரருக்கு, அதாவது விவசாயிக்கு, பணம். வண்டியில வர்ற காட்டுக்காரருக்கு என்னை யாருன்னே தெரியாது, அவரு பெத்தநாயக்கன்பாளையத்துல இருந்து வருவாரு, கல்வராயன் மலை அடிவாரத்துல இருந்து வருவாரு. என் மனசாட்சிய எடுத்து அவருக்கு காட்ட முடியுமா? நான் எவ்வளவு நேர்மையா இருந்தாலும் அவரு கண்ணுக்கு அது தெரியாது. பக்கத்து எடைமேடைக்காரன் மேடைக்கு கீழ என்ன பண்ணி வச்சிருக்கான்னும் அவருக்கு தெரியாது. அவரைப் பொறுத்த வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

அதுக்குத்தான் முத்திரை. வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளர் துறையில இருந்து முத்திரை ஆய்வாளர் வருவாங்க. இருபது கிலோ இரும்புக் கல்லுங்களை வண்டியில ஏத்திக்கிட்டு வரணும், ஆளுங்க ஒண்ணொண்ணா இறக்கி மேடை மேல அடுக்குவாங்க. சும்மா நடுவுல மட்டும் வச்சு பாத்துட்டு போறதில்ல. ஒரு மூலையில வச்சு நம்பரை பாக்கணும், அப்புறம் அடுத்த மூலை, அப்புறம் அடுத்தது, ஏன்னா கீழ எடைய உணர்ற லோடு செல் ஒண்ணு சரியில்லன்னா வண்டி எந்தப் பக்கமா நிக்குதோ அதுக்கு தகுந்த மாதிரி எடை மாறிடும். கல்ல எடுத்தா நம்பர் பூஜ்ஜியத்துக்கு திரும்பணும். எல்லாம் சரியா இருந்தாத்தான் கம்பிய கோத்து ஈயக்குண்டு வச்சு அமுக்கி முத்திரை போடுவாங்க, அந்த வருஷமும், எந்தக் காலாண்டுனு காட்டற எழுத்தும் அதுல பதிஞ்சிருக்கும், சர்டிபிகேட்டை எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டி வைக்கணும். அந்த கம்பிய அறுக்காம உள்ள கை வைக்க முடியாது. அறுத்தா தெரிஞ்சிடும்.

படிக்காத காட்டுக்காரரு கூட உள்ள வந்தவுடனே செவுத்த பாப்பாரு. சர்டிபிகேட்டு தொங்குதா, இந்த வருஷமா, அவ்வளவுதான். என்னை அவரு தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு பாருங்க, அதுதான் சட்டம் பண்ற பெரிய வேலைனு நான் நினைக்கறேன். பத்து வீடு இருக்கற ஊர்ல இது தேவைப்படாது, ஏன்னா யாரு எப்படிப்பட்டவங்கனு எல்லாருக்கும் தெரியும், ஏமாத்துனா மறுநாள் காலையில அவன் மூஞ்சியில முழிக்கணும். ஆனா நாம பத்து வீட்டு ஊர்ல இல்லையே. காலையில குடிக்கற பாலு, ஏறி உக்கார்ற பஸ்ஸு, மெடிக்கல்ல வாங்கற மாத்திரை எல்லாமே முன்ன பின்ன தெரியாதவங்க கையில இருந்துதான் வருது. அவங்க ஒவ்வொருத்தரோட குணத்தையும் விசாரிச்சுட்டா வாங்கறோம்?

அடுத்து, இந்தக் குச்சிக்கிழங்கு மாவுல செய்யற ஜவ்வரிசி. சேலம்னா ஜவ்வரிசி, புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. இங்க இருக்கறவங்களுக்கு தெரியும், நடுவுல பல வருஷம் ஜவ்வரிசியில மக்காச்சோள மாவு கலக்கறாங்க, வெள்ளை வெளேர்னு தெரியணும்னு ப்ளீச்சிங் கெமிக்கல் போடறாங்கனு எவ்வளவு ரெய்டு, எவ்வளவு நியூஸ். நேர்மையா ஆலை ஓட்டற ஒருத்தரை நினைச்சு பாருங்க. கிழங்கை நல்லா கழுவி, தோலை சுத்தமா உரிச்சு, அரைச்சு, மாவை படிய வச்சு, தண்ணிய மாத்தி மாத்தி கழுவி எடுக்கறாரு. அப்படி எடுத்தா ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், செலவும் அதிகம். பக்கத்துல ஒருத்தன் கழுவறதை எல்லாம் விட்டுட்டு கெமிக்கல் போட்டு பளிச்சுனு கொண்டாந்து கம்மி விலைக்கு குடுக்கறான். வடக்க இருந்து வாங்கற வியாபாரி எதை எடுப்பான்? பளபளன்னு இருக்கறதத்தான். அப்ப நேர்மையானவருக்கு ரெண்டே வழிதான், ஒண்ணு ஆலைய மூடணும், இல்ல அவரும் கலக்கணும். மனசாட்சி உள்ள மனுஷன் அவரு, நாம சொல்ற அந்த மனசாட்சி அவருகிட்ட நெறையவே இருக்கு, ஆனா பேங்க் லோன் கட்டற நாள் வரும்போது அது கூலி குடுக்காது, கரண்ட் பில் கட்டாது. எல்லாரும் யோக்கியமா இருந்தா எல்லாருக்கும் நல்லதுனு ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருந்தும், அடுத்தவன் இருப்பானாங்கற பயத்துலயே எல்லாரும் சறுக்கற எடம் இது. கெட்ட எண்ணமே இல்லாதவங்களும் இதுல மாட்டுவாங்க.

1954-ல கலப்படத் தடுப்பு சட்டம் போட்டாங்க, அப்புறம் 2006-ல உணவுப் பாதுகாப்பு சட்டம். சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பறாங்க, கலப்படம்னு வந்தா சரக்கை சீல் வைக்கறாங்க. சட்டத்தை சரியா பிடிச்சு நடத்துன வருஷங்கள்ல நல்ல ஆலைக்காரங்களுக்குத்தான் மூச்சு வந்துச்சு. அதனாலதான் கலப்படத்தை தடுங்கனு கலெக்டர்கிட்ட மனு குடுத்தவங்கள்ல காட்டுக்காரங்களோட ஆலை நடத்தறவங்களும் இருந்தாங்க. மக்காச்சோள மாவு உள்ள வந்தா கிழங்குக்கு கிராக்கி போயிடும், காட்டுக்காரனுக்கும் அடி, யோக்கியமா ஓட்டற ஆலைக்கும் அடி. சட்டம்னா மேல இருந்து நம்ம தலையில கட்டறதுனு நினைச்சுக்கறோம், ஆனா நாமளே கேட்டு வாங்குன சட்டம் எவ்வளவு இருக்கு.

இன்னொரு வகை சட்டம் இருக்கு, அதுல நல்லது கெட்டதுக்கே வேலை இல்ல. ஏற்காடு மலைப்பாதையில ஏறுனவங்களுக்கு தெரியும், அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ரோடு குறுகலா இருக்கற எடத்துல மேல ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி வழி விடணும், 1989-ல போட்ட சாலை விதியிலேயே இது இருந்துச்சு. ஏன்னா ஏத்தத்துல நின்ன வண்டிய, அதுவும் லோடு வண்டிய, மறுபடி கிளப்பறது கஷ்டம், பின்னாடி உருண்டா பள்ளம். காரணம் இருக்கு, சரி. ஆனா இடது பக்கம் ஓட்டணுங்கறதுக்கு என்ன காரணம்? ஒண்ணும் கிடையாது, வலது பக்கம் ஓட்டற நாடும் நல்லாத்தான் இருக்கு. ஏதோ ஒண்ணை முடிவு பண்ணி எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாத்தான் வளைவுல திரும்பும்போது எதிர்ல வர்றவன் எங்க இருப்பான்னு நமக்கு தெரியும். இருபது பேரும் புத்தன் மாதிரி நல்ல மனசோட வந்தாலும், அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒரு பக்கம் வந்தா மோதித்தான் ஆகணும். அக்கா பையன் கேட்டதுக்கு இது ஒண்ணே பதிலா போதும்னு கூட சொல்வேன்.

ஏற்காடுன்னதும் இதையும் சொல்லணும். சேர்வராயன் மலையில மலையாளி மக்கள் இருக்காங்க, கேரளாக்காரங்க இல்ல, மலைய ஆண்ட பழங்குடி மக்கள், மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு போனா எல்லா ஊரு சனத்தையும் பாக்கலாம். அவங்களுக்கு ஊர் கவுண்டர் உண்டு, ஊர்க்கூட்டம் உண்டு, எந்த ஓடையில யாரு தண்ணி எடுக்கலாம், பொண்ணு கட்டறது, தீத்து விடறது, தப்பு பண்ணா என்ன அபராதம் எல்லாத்துக்கும் வழக்கம் உண்டு. ஒரு எழுத்து கூட எழுதி வைக்காம நடந்த சட்டம். அதனால சட்டம்னா வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடி நாம சும்மா இருந்தோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மனுஷன் கூட்டமா வாழ்ந்த எடத்துல எல்லாம் ஏதோ ஒரு கட்டுப்பாடு இருந்திருக்கு.

ஆனா அந்த எழுதாத சட்டத்துக்கு ஒரு பலவீனம், அதை ஒத்துக்காதவன் வெளிய இருந்து வந்தான்னா நிக்காது. 1820 வாக்குல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுல காப்பி கொண்டு வந்தாரு, அதுக்கப்புறம் எஸ்டேட்டு வந்துச்சு. 1882-ல மெட்ராஸ் வனச் சட்டம் வந்துச்சு, கோடு போட்டு இது சர்க்கார் காடுன்னாங்க. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து தேன் எடுத்த காட்டுல விறகு பொறுக்கறது குத்தம்னு ஆச்சு. அவங்க வழக்கம் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல, அதனால அது இல்லவே இல்லனு ஆகிடுச்சு. இதுவும் சட்டம் பண்ணுன வேலைதான், இதை மறைச்சுட்டு சட்டத்தை புகழ எனக்கு மனசு வராது. பலம் உள்ளவன் எழுதுனா சட்டமும் அவன் பக்கமாத்தான் சாயும். ஆனா அதை சரி பண்ணவும் இன்னொரு சட்டம்தான் தேவைப்பட்டுச்சு. 2006 வன உரிமைச் சட்டம், இந்த மக்களுக்கு வரலாற்று அநீதி நடந்திருக்குனு அந்த சட்டத்தோட முகப்புலயே எழுதியிருக்காங்க. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடி இருந்து அனுபவிச்சுக்கிட்டு வர்ற நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரைக்கும் உரிமை, தேனு கடுக்காய் மாதிரி விளைபொருள் எடுக்கற உரிமை, கிராம சபைதான் முதல்ல முடிவு பண்ணணும். நம்ம மாநிலத்துல கோர்ட்டு தடை அது இதுன்னு பட்டா குடுக்கறது பல வருஷம் இழுத்துச்சு, அது பெரிய அநியாயம்தான். இருந்தாலும், முன்னாடி "ஐயா பாத்து பண்ணுங்க"னு கெஞ்சுன ஒருத்தர் இப்ப "சட்டத்துல இருக்கு, என் மனுவுக்கு பதில் குடுங்க"னு நிமிந்து நின்னு கேக்கலாம். கெஞ்சறதுக்கும் கேக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்குங்கறது கெஞ்சுன பரம்பரைக்குத்தான் தெரியும்.

வல்லான் வகுத்ததே வாய்க்கால்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க. தண்ணி விஷயத்துல மேட்டுல இருக்கறவன் வல்லான், பள்ளத்துல இருக்கறவன் கை கட்டி நிக்கணும், இது ஏரிப் பாசனத்துலயும் உண்டு, காவிரியிலயும் உண்டு. நம்ம மாவட்டத்துலதான் மேட்டூர் டேம் இருக்கு, 1934-ல கட்டி முடிச்சது, 120 அடி வரைக்கும் தண்ணி நிக்கும். ஜூன் 12 தண்ணி திறப்பாங்களா மாட்டாங்களான்னு டெல்டா மொத்தமும் நம்ம பக்கம் பாக்கும். அந்த தண்ணி வர்றதுக்கு பின்னாடி எவ்வளவு காகிதம் இருக்கு தெரியுமா? 1892-ல ஒரு ஒப்பந்தம், 1924-ல ஒரு ஒப்பந்தம், 1990-ல நடுவர் மன்றம், 2007-ல இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு, நமக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி), அதே வருஷம் ஜூன்ல மேலாண்மை ஆணையம். எந்த மாசம் எவ்வளவுன்னு கூட அட்டவணை இருக்கு, ஜூன்ல 9.19, ஜூலையில 31.24ன்னு.

கர்நாடகாவுல ஒழுங்கா குடுக்கறாங்களான்னு கேப்பீங்க. மழை இல்லாத வருஷம் ஒவ்வொண்ணும் சண்டைதான், ஆணையம் சொல்றதை கேக்க மாட்டேங்கறாங்க, நாம மறுபடி கோர்ட்டுக்கு போறோம். நெறைய பேரு இதைக் காட்டி "பாத்தியா, சட்டத்தால என்ன பிரயோஜனம்"ங்கறாங்க. நான் வேற மாதிரி பாக்கறேன். 1991-ல இடைக்கால உத்தரவு வந்தப்ப பெங்களூருல தமிழங்க மேல நடந்த கலவரத்தை நம்ம பெரியவங்க மறக்கல. 2016-லயும் பஸ்ஸை கொளுத்துனாங்க. அந்த ஆத்திரத்துக்கு போக ஒரு எடம் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு பக்கமும் கோடிக்கணக்குல சனம், ரெண்டு பக்கமும் காஞ்ச வயலு. வக்கீலுங்க வருஷக்கணக்குல பேசுனாங்கனு நாம அலுத்துக்கறோமே, அவங்க பேசுனதாலதான் நம்ம பசங்க அருவாளோட பார்டருக்கு போகல. கோபத்தை கோர்ட்டு வாசல்ல இறக்கி வைக்க முடியுதுங்கறதே ஒரு பெரிய நாகரிகம். தாமதம் ஆகுதுங்கறது உண்மை, அந்த தாமதத்துல கருகிப் போன பயிரும் உண்மை, அதுக்கு சட்டத்தை இன்னும் வேகமாக்கணும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வர்றேன். இதுவரைக்கும் சொன்னது எல்லாம் மனுஷனுக்கு மனுஷன். ஆனா சட்டத்தோட அசல் சோதனை அரசாங்கம்னு ஒரு பெரிய கை நம்ம மேல விழும்போதுதான். போலீசு, ஜெயிலு, புல்டோசர் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. அவங்களை யாரு தடுக்கறது?

சேலத்துல விஜயராகவாச்சாரியார்னு ஒரு வக்கீல் இருந்தாரு, தென்னிந்தியாவின் சிங்கம்னு பேரு. 1882-ல இங்க ஒரு மதக் கலவரம் நடந்துச்சு, அதை தூண்டி விட்டாருனு இளம் வக்கீலா, முனிசிபல் கவுன்சில் மெம்பரா இருந்த இவரு மேல கேஸ் போட்டு பத்து வருஷம் தண்டனை குடுத்துட்டாங்க. வெள்ளைக்காரன் ஆட்சி, நினைச்சு பாருங்க. அவரு அப்பீல் போனாரு, ஹைகோர்ட்டு விடுதலை பண்ணிடுச்சு. அதோட விட்டாரா? என்னை கவுன்சில்ல இருந்து நீக்குனது செல்லாதுனு அரசாங்கத்து மேலயே வழக்கு போட்டு ஜெயிச்சாரு. அவங்க எழுதுன சட்டத்தையே எடுத்து அவங்க முன்னாடி வச்சு, நீ எழுதுனதுக்கு நீயும் கட்டுப்படணும்னு சொன்னாரு. அந்த மனுஷன்தான் பின்னாடி 1920-ல நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்கு தலைவரா உக்காந்தாரு. சேலத்து பசங்களுக்கு இவரு கதைய பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கணும், ஊர்ல பாதிப் பேருக்கு தெரியல.

இதே சேலத்துல இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் நடந்திருக்கு. 1950 ஜனவரி 26 அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புனு 21-ஆவது பிரிவு. அடுத்த பதினாறாவது நாள், பிப்ரவரி 11, சேலம் சென்ட்ரல் ஜெயிலுக்குள்ள கம்யூனிஸ்ட் கைதிங்க மேல துப்பாக்கிச் சூடு, 22 பேரு செத்துப் போனாங்க. பூட்டுன செவுத்துக்குள்ள, ஓடறதுக்கு எடம் இல்லாதவங்க. சட்டப் புத்தகத்துல மை காயறதுக்குள்ள நடந்துச்சு. இதை படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். எழுதி வச்சா மட்டும் சட்டம் காப்பாத்தாது, அதை தூக்கிப் பிடிக்க கோர்ட்டு வேணும், கேள்வி கேக்கற பத்திரிக்கை வேணும், பயப்படாத வக்கீல் வேணும், ஓட்டு போடறவனுக்கு நினைவு வேணும்.

கிட்டத்துல நடந்ததுக்கு எட்டு வழிச் சாலைய எடுத்துக்கோங்க. 2018-ல சேலம் டு சென்னை 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய் திட்டம்னாங்க. அஞ்சு மாவட்டம். தென்னந்தோப்பு, நெல்லு வயலு, கிணறு, சாமி கும்பிடற எடம் எல்லாத்துக்கும் நடுவுல அளந்து கல்லு நட்டாங்க. போலீசு சூழ நிக்க, கிழவிங்க அந்தக் கல்லு முன்னாடி மண்ணுல விழுந்து அழுததை டிவியில எல்லாரும் பாத்தோம். அந்த நேரத்துல யாரு மனசாட்சிய யாரு தட்டறது? ஆபீசருங்க உத்தரவுன்னாங்க, சர்வேயருங்க டூட்டின்னாங்க. தனித்தனியா பாத்தா ஒருத்தரும் கெட்டவங்க கிடையாது. ஆனா நிலம் போகுதே. கடைசியில காட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2019 ஏப்ரல் 8, சென்னை ஹைகோர்ட்டு நிலம் எடுத்த அறிவிக்கைய ரத்து பண்ணி, ரெவின்யூ ரெக்கார்டுல மறுபடியும் பழைய ஓனர் பேரையே ஏத்துங்கனு சொல்லுச்சு. 2020 டிசம்பர் 8 சுப்ரீம் கோர்ட்டு அதை முழுசா ஏத்துக்கல, ஆரம்ப அறிவிக்கை செல்லும்னு சொல்லுச்சு, ஆனா சுற்றுச்சூழல் அனுமதி வாங்காம மேற்கொண்டு நிலத்தை எடுக்க முடியாதுன்னுச்சு. ரோடு வேணும் வேணாங்கறதுல ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கலாம், லாரி ஓட்டற என் சிநேகிதங்களே ரோடு வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்ங்கறாங்க. நான் பாக்கறது அது இல்லைங்க. ரெண்டு ஏக்கர் வச்சிருக்கற ஒருத்தரும் மத்திய அரசாங்கமும் ஒரே ரூம்ல, ஒரே நீதிபதி முன்னாடி, சமமா நின்னு பேச முடிஞ்சதே, அந்த எடத்தை வேற எது குடுக்கும்? ஜாதி குடுக்குமா, பணம் குடுக்குமா?

சட்டத்தால எல்லாம் ஆகிடும்னு நான் சொல்ல வரல. 1937 அக்டோபர் 1, ராஜாஜி முதல் மந்திரியா இருந்தப்ப நாட்டுலயே முதல்ல மதுவிலக்கு வந்தது நம்ம சேலம் ஜில்லாவுலதான். சாராய வருமானம் போச்சுன்னு 1939-ல விற்பனை வரியும் கொண்டு வந்தாங்க. வரி நிக்குது, மதுவிலக்கு நிக்கல, அதைப் பத்தி தனியா ஒரு போஸ்ட் எழுதலாம்.

அதை விட வலிக்கற விஷயம் பொம்பளைப் புள்ளைங்க. பொறந்த குழந்தைய கொல்றது கொலைனு சட்டத்துல எப்பவோ இருக்கு. இருந்தும் நம்ம மாவட்டத்துல நடந்துச்சு, நெல்லு மணி, எருக்கம் பாலுனு பேசுன பாட்டிங்களை நம்ம அம்மாங்களுக்கு தெரியும். 1992-ல தொட்டில் குழந்தை திட்டத்தை முதல்ல சேலத்துலதான் ஆரம்பிச்சாங்க, வளக்க முடியலன்னா கொல்லாதீங்க, எங்ககிட்ட குடுங்கனு. 1994-ல கருவுல ஆணா பொண்ணா பாக்கறதை தடுக்கற சட்டம். அப்படியும் 2001 சென்சஸ்ல நம்ம மாவட்டத்துல ஆறு வயசுக்குட்பட்ட ஆயிரம் பசங்களுக்கு 851 பொண்ணுங்கதான். ஸ்கேன் சென்டர் வாசல்ல "பாலினம் சொல்லப்பட மாட்டாது"னு போர்டு இருக்கு, உள்ள என்ன நடக்குதுனு போர்டுக்கு தெரியாது. வரதட்சணையும், சொத்துல பங்கும், பொண்ணுக்கு படிப்பும் வேலையும் மாறாம அந்த நம்பர் மாறாது. சட்டம் இங்க என்ன பண்ணுச்சுன்னா, மாமியாரும் புருஷனும் நெருக்கும்போது "இது கேஸ் ஆகும், ஜெயிலுக்கு போவீங்க"னு சொல்ல ஒரு பொண்ணுக்கு ஒரு வார்த்தைய குடுத்துச்சு. அந்த வார்த்தை சில வீட்டுல உயிரை காப்பாத்தியிருக்கு. எல்லா வீட்டுலயும் இல்ல.

சரி, என் தொழில்ல இன்னும் சட்டம் எட்டாத ஒரு எடத்தை சொல்லணும். குச்சிக்கிழங்குக்கு எடைய மட்டும் வச்சு பணம் குடுக்கறதில்ல, பாயிண்ட் கணக்கு. கிழங்குல எவ்வளவு மாவுச்சத்துனு சாம்பிள் எடுத்து தண்ணிக்குள்ள வச்சு எடை பாத்து பாயிண்ட் சொல்வாங்க, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவுனு விலை. எடைக்கு என் மேடை இருக்கு, முத்திரை இருக்கு, சந்தேகம்னா வேற மேடையில ஏத்திக்கலாம். ஆனா பாயிண்ட் பாக்கறது ஆலைக்குள்ள, ஆலை மெஷின்ல, ஆலை ஆளு. ஒரே காட்டு கிழங்குக்கு ஒரு ஆலையில ஒரு பாயிண்ட், இன்னொரு ஆலையில வேற பாயிண்ட்னு என்கிட்ட சீட்டு வாங்க வர்ற காட்டுக்காரங்க புலம்பாத சீசன் இல்ல. பிடுங்குன கிழங்கு ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது, கறுத்துப் போயிடும், அதனால குடுத்தது போதும்னு வாங்கிக்கிட்டு போறாங்க. எங்க தாத்தா காலத்துல சந்தையில நின்ன அதே நெலமைதான். ஆலைக்காரங்கள்லயும் சரியா பாயிண்ட் போடற நல்லவங்க இருக்காங்க, அவங்களையும் யாரும் நம்பறதில்ல.

விலை பேசறதுக்கு கலெக்டர் ஆபீஸ்ல காட்டுக்காரங்க, ஆலைக்காரங்க, அதிகாரிங்க சேந்து முத்தரப்பு கூட்டம் போடறாங்கல்ல, அடுத்த தடவை போறவங்க ஒரு பாயிண்டுக்கு எவ்வளவுனு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பாயிண்ட் பாக்கற மெஷினை யாரு சோதிக்கறது, சந்தேகம்னா காட்டுக்காரன் எங்க போய் மறுபடி பாக்கறதுன்னு கேளுங்க, பதிலை எழுத்துல வாங்குங்க. மனு எழுத ஆள் வேணும்னா வாழப்பாடி பக்கம் வாங்க, நான் எழுதித் தர்றேன், கூட்டத்துக்கும் கூட வர்றேன்.